பழைய கார் கேள்வி பதில்: ஹெரால்டு பெட்ரோல் பம்ப்புக்கு சாமான் எங்கே?

இந்த முறை வந்த கடிதங்களில் பெட்ரோல் பம்ப் பற்றியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். பிரேக், வயரிங் கேள்விகள் அடுத்த இதழில்.

கேள்வி: ஐயா, வணக்கம். அப்பா வாங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு மார்க் 3, நாலு கதவு வண்டி, 1970 மாடல். பதினாறு வருஷம் ஷெட்டிலேயே நின்றுவிட்டது. இப்போது இன்ஜினை இறக்கி, போரிங் பண்ணி, பிஸ்டன், பேரிங் எல்லாம் புதுசு போட்டாயிற்று. பெட்ரோல் பம்ப் மட்டும்தான் பாக்கி. உள்ளே பெட்ரோலை இழுத்துத் தள்ளும் ரப்பர் துணி, அதாவது டயாபிரம், கிழிந்திருக்கிறது, ஒரு வால்வு ஒட்டிக்கொண்டு அசைய மறுக்கிறது. கேட்ட கடையிலெல்லாம் 'ஹெரால்டா, அதெல்லாம் நின்னு போச்சு சார்' என்கிறார்கள். மெக்கானிக் வேறு ஏதோ காரின் பம்ப்பை இதில் மாட்டிவிடலாம் என்கிறார். என்ன செய்யட்டும்? – திருச்சி வாசகர்

பதில்: முதல் வேலையாக அந்தப் பழைய பம்ப்பை ஒரு டப்பாவில் போட்டு வீட்டுக்கு எடுத்து வந்துவிடுங்கள். பட்டறையில் விட்டுவைத்தால் ஒருநாள் கூட்டிப் பெருக்கும்போது காயலான் கடைக்குப் போய்விடும். டயாபிரம் கிடைக்கும், வால்வு கிடைக்கும், பேக்கிங்கை நாமே வெட்டிக்கொள்ளலாம். அந்த வார்ப்பு உடம்பும், இன்ஜின் தள்ள ஆடும் ராக்கர் ஆர்ம் என்ற கையும்தான் மறுபடி கிடைப்பது கஷ்டம், அது இரண்டும் உங்கள் கையிலேயே இருக்கிறது.

கடைக்காரர்கள் சொன்னது பொய் இல்லை. நீங்கள் 'ஹெரால்டு பம்ப்' என்று கேட்டிருப்பீர்கள், அந்தப் பெயரில் அவர்களிடம் சாமான் இல்லாமல் போய் ரொம்ப நாளாகிறது. ஆனால் பம்ப்பை காரின் பெயர் சொல்லித் தேடக்கூடாது, இன்ஜினின் பெயர் சொல்லித் தேட வேண்டும். உங்கள் ஹெரால்டு வண்டலூர் பக்கத்துத் தொழிற்சாலையில் பிறந்த சென்னை வண்டிதான், நாலு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டும்தான் வந்தது, ஆனால் உள்ளே இருக்கும் 948 சிசி இன்ஜினுக்கு சொந்தக்காரர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். 1953ல் இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்டு எயிட்டில் 803 சிசியாக ஆரம்பித்த இன்ஜின் அது. பிறகு 948, 1147, 1296, கடைசியில் 1493 சிசி என்று வளர்ந்து, 1980ல் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் காரின் உற்பத்தி நிற்கும் வரை ஓடியது. எம்ஜி மிட்ஜெட்டின் கடைசிக் காலத்து வண்டிகளிலும் இதே குடும்பத்து இன்ஜின்தான். ஸ்பிட்ஃபயரும் மிட்ஜெட்டும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இன்றைக்கும் ஏராளமாக ஓடுகின்றன, அதனால் அவற்றுக்கான சாமான்களை இன்றைக்கும் தயாரித்துக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் பம்ப்புக்கான டயாபிரம் அந்தக் கடைகளில்தான் இருக்கிறது.

இங்கிலாந்தில் நம் ஹெரால்டின் பெயர் டிரையம்ஃப் ஹெரால்டு. ஆகவே இனிமேல் கேட்கும்போது 'டிரையம்ஃப் ஹெரால்டு 948, ஏசி மெக்கானிக்கல் பம்ப், ரிப்பேர் கிட்' என்று கேளுங்கள். ஏசி என்பது பம்ப் செய்த கம்பெனி, ஆல்பர்ட் சாம்பியன் என்பவருடைய பெயரின் ஆங்கில முதலெழுத்துகள். இதைத் தெரியாத கடைப் பையன் ஏர்கண்டிஷன் பக்கம் போய்த் தேடிக்கொண்டிருப்பான். பம்ப்பின் உடம்பைத் துடைத்துப் பார்த்தால் பெயரும் எண்ணும் வார்ப்பிலேயே இருக்கும், அதைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பது வருஷத்துக்கு மேல் வயதான வண்டியில் யாரோ எப்போதோ வேறு பம்ப் மாட்டியிருக்கவும் கூடும், அப்படியானால் காரைச் சொல்லிக் கிட் வரவழைத்து ஒரு பிரயோஜனமும் இல்லை.

எங்கே வாங்குவது? இங்கிலாந்தில் ரிம்மர் பிரதர்ஸ், கேன்லி கிளாசிக்ஸ் மாதிரி டிரையம்ஃப் சாமான்களுக்கென்றே இருக்கும் கடைகள் தபாலில் அனுப்புகின்றன. முழு பம்ப்பாக வாங்காமல் கிட் மட்டும் வாங்குங்கள். டயாபிரம், வால்வு, பேக்கிங் எல்லாம் சேர்ந்து ஒரு சின்னக் கவருக்குள் அடங்கிவிடும், தபால் செலவும் சுங்கவரியும் அந்த அளவுக்குக் குறையும். தனியாக வரவழைப்பதைவிட ஹெரால்டு வைத்திருக்கும் மூன்று நான்கு பேர் சேர்ந்து வரவழைத்தால் இன்னும் நல்லது. சென்னையில் மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் இருக்கிறது, பழைய கார்க்காரர்கள் கூடும் இடம், அங்கே பேசினால் கூட்டாளிகள் கிடைப்பார்கள்.

உள்நாட்டில் தேடுவதென்றால் சென்னையில் புதுப்பேட்டை, ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, பெங்களூரில் ஜே.சி. ரோடு, கொல்கத்தாவில் மல்லிக் பஜார், டெல்லியில் காஷ்மீரி கேட். போனில் கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். பழைய பம்ப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நேரில் போங்கள். இந்தக் கடைகளில் வயதான ஒருவர் உட்கார்ந்திருப்பார், பெயரைச் சொன்னால் அவருக்கு ஞாபகம் வராது, பொருளைப் பார்த்தால் வந்துவிடும். ஸ்டாண்டர்டு டென், பென்னன்ட், கெஸல் கார்களின் பம்ப் என்றும் கேட்டுப் பாருங்கள், எல்லாம் இதே இன்ஜின் வீட்டுப் பிள்ளைகள்தான். கெஸலில் இருந்து கழற்றிய பம்ப் ஒன்று அகப்பட்டால், டயாபிரம் கிழிந்திருந்தாலும் யோசிக்காமல் வாங்கிவிடுங்கள், ராக்கர் ஆர்முக்காக.

இப்போது மெக்கானிக் சொன்ன யோசனைக்கு வருகிறேன். வேண்டாம். பம்ப்பின் ராக்கர் ஆர்ம் இன்ஜின் பிளாக்குக்குள் நுழைந்து, உள்ளே சுழலும் மேடுள்ள தண்டான கேம் ஷாஃப்ட்டின் மேல் உட்காருகிறது. கேம் தள்ள, ஆர்ம் டயாபிரத்தைக் கீழே இழுக்கிறது, பெட்ரோல் உள்ளே வருகிறது. டயாபிரத்தை மறுபடி மேலே தள்ளி கார்புரேட்டருக்கு அனுப்புவது கீழே இருக்கும் ஸ்பிரிங். வேறு இன்ஜினுக்கு அளவெடுத்த ஆர்ம் ஒரு நூல் நீளமாக இருந்தாலும் கேமை அரைக்கும், ஒருநாள் ஒடிந்து இன்ஜின் அடியில் இருக்கும் ஆயில் தொட்டிக்குள் விழும். குட்டையாக இருந்தால் இழுப்பு போதாது, மேட்டில் ஏறும்போது வண்டி இருமும். இரண்டு போல்ட் ஓட்டை பொருந்துகிறது என்பதை வைத்து மட்டும் எந்தப் பம்ப்பையும் மாட்டக்கூடாது. ஸ்பிட்ஃபயர் பம்ப்பே வாங்கினாலும் பழைய ஆர்மையும் புது ஆர்மையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வளைவும் நீளமும் ஒன்றா என்று பார்த்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும், பைப் மரையும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். பிளாக்குக்கும் பம்ப்புக்கும் நடுவில் இருந்த பேக்கிங் எவ்வளவு தடிமன் இருந்ததோ அதே தடிமன்தான் போட வேண்டும், ஏனென்றால் ஆர்ம் எவ்வளவு உள்ளே போகிறது என்பதை அதுதான் தீர்மானிக்கிறது.

கிட் வாங்கும்போது ஒரு கேள்வி கட்டாயம் கேளுங்கள்: எத்தனால் கலந்த பெட்ரோலுக்குத் தாங்குமா? நம் பங்க்குகளில் இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய காலத்து ரப்பர் துணி டயாபிரம் இதில் ஊறி உப்பி, பிறகு காய்ந்து விறைத்து வெடித்துவிடுகிறது. எங்கோ அலமாரியில் முப்பது வருஷமாக 'ஒரிஜினல் கம்பெனி சாமான்' என்று பெட்டியோடு இருந்த டயாபிரம் கிடைத்தது என்று சந்தோஷப்பட்டு அதிக விலை கொடுத்து வாங்காதீர்கள். பெட்டியைப் பத்திரமாக வைத்துக்கொள்ளலாம், உள்ளே இருக்கும் ரப்பருக்கு வயதாகிவிட்டது. 'விட்டான்' (Viton) என்று சொல்லும் ஃப்ளூரோ ரப்பர் பூசிய துணியில் செய்தது வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள்.

கிட் வரவே இல்லை என்றால் டயாபிரத்தைச் செய்தும் கொள்ளலாம். பழையதை அச்சாக வைத்து, அதே ரப்பர் பூசிய துணி ஷீட்டில் வட்டமாக வெட்டி, நடுக்கம்பியின் தலையை ராவி எடுத்து, வாஷர்களுக்கு நடுவில் புதுத் துணியை வைத்து மறுபடி ரிவிட் அடிக்க வேண்டும். நல்ல லேத் பட்டறையில் அரை நாள் வேலை. துணி இல்லாத வெறும் ரப்பர் நீண்டுவிடும், டயர் டியூப் ரப்பர் பெட்ரோல் பட்டதும் களிபோல் ஆகிவிடும், இரண்டும் உதவாது. ஆர்ம் ஆடும் பின் தேய்ந்து ஓட்டை முட்டை வடிவமாகியிருந்தால், ஓட்டையை ரீமர் ஓட்டிச் சரிசெய்து, சில்வர் ஸ்டீலில் கொஞ்சம் தடித்த பின்னைக் கடைந்து போட்டுக்கொள்ளலாம். ஸ்பிரிங்கை மட்டும் தொடாதீர்கள். இழுத்து விடுவது, வேறு ஸ்பிரிங் போட்டுப் பார்ப்பது எதுவும் கூடாது, கார்புரேட்டருக்குப் போகும் அழுத்தத்தை அந்த ஸ்பிரிங்தான் நிர்ணயிக்கிறது.

இவ்வளவு விரிவாகச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. பல வருஷத்துக்கு முன் நான் ஒரு இன்ஜினை முழுசாகப் பிரித்து வேலை பார்த்து, பம்ப் வேலை செய்கிறதே என்று அதை மட்டும் பழையபடியே மாட்டிவிட்டேன். டயாபிரத்தில் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தது. டயாபிரத்துக்குக் கீழே இருப்பது நேராக இன்ஜினின் வயிறு, கசிந்த பெட்ரோல் முழுக்க ஆயிலில் கலந்தது. வண்டி நன்றாகவே ஓடியது, அதனால் சந்தேகமே வரவில்லை. இருநூறு கிலோமீட்டருக்குள் புதுப் பேரிங்குகள் எல்லாம் கோடு விழுந்து போயின. அந்த வண்டிக்காரரின் முகம் இன்னும் மறக்கவில்லை. நீங்கள் இவ்வளவு செலவு செய்து இன்ஜின் வேலை பார்த்திருக்கிறீர்கள், முதல் ஒரு மாதம் தினமும் டிப்ஸ்டிக்கை இழுத்து மோந்து பாருங்கள். பெட்ரோல் வாசனை வந்தாலோ, ஆயில் மட்டம் குறையாமல் ஏறிக்கொண்டே போனாலோ, அந்த நிமிஷமே இன்ஜினை நிறுத்திவிடுங்கள்.

பிரிக்கும்போது மேல் பாதியும் கீழ்ப் பாதியும் சேரும் இடத்தில் அரத்தால் ஒரு கோடு போட்டுவிட்டுப் பிரியுங்கள், இல்லாவிட்டால் பைப் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கும். டயாபிரத்தின் கம்பியைக் கீழே இருக்கும் கொக்கியில் விட்டுத் திருப்பினால்தான் மாட்டிக்கொள்ளும். சேர்க்கும்போது ஸ்க்ரூக்களை முதலில் லேசாக மட்டும் பிடித்து, ஆர்மை முழு இழுப்புக்கு அழுத்திப் பிடித்துக்கொண்டு, பிறகு எதிரெதிராக இறுக்குங்கள். ஆர்மை விட்டுவிட்டு இறுக்கினால் துணிக்கு நீள இடம் இருக்காது, சீக்கிரம் கிழியும். பம்ப்பின் அடிப்பாகம் துத்தநாகக் கலவை வார்ப்பு, பழைய போல்ட்டுகளை வெறி கொண்டு இறுக்கியதில் வளைந்திருக்கும், கண்ணாடித் துண்டின் மேல் எமெரி பேப்பரை வைத்துத் தேய்த்துச் சமப்படுத்திக்கொள்ளுங்கள். மாட்டியதும் கீழே இருக்கும் சின்னக் கைப்பிடியை அடித்து பெட்ரோலை ஏற்றுங்கள். கைப்பிடி தொளதொளவென்று இருந்தால் பம்ப் கெட்டுவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள், கேம் அந்த நேரம் ஆர்மைத் தள்ளிக்கொண்டு நிற்கிறது, இன்ஜினை ஒரு சுற்று சுற்றிவிட்டு மறுபடி அடித்துப் பாருங்கள்.

கேள்வி: என்னிடமும் ஹெரால்டுதான். மெக்கானிக்கல் பம்ப்பை எடுத்துவிட்டு எலெக்ட்ரிக் பம்ப் போட்டால் இந்தத் தொல்லையே இல்லை என்கிறார்கள். சரியா? – கோவை வாசகர்

பதில்: போடலாம், எனக்கு மனசில்லை. மனசில்லாததற்கு முதல் காரணம், உங்கள் ஊரிலேயே நல்ல லேத் பட்டறைகள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன, பம்ப்பை உயிர்ப்பிக்க அதைவிட நல்ல ஊர் தமிழ்நாட்டில் இல்லை. இரண்டாவது, எலெக்ட்ரிக் பம்ப் என்று கடையில் எடுத்துக் கொடுப்பதில் பெரும்பாலானவை இந்த கார்புரேட்டருக்கு அதிகம். உங்கள் கார்புரேட்டரின் ஊசி வால்வு தாங்குவது சுமார் ஒன்றரை முதல் இரண்டரை பிஎஸ்ஐ அழுத்தம்தான். நாலு, அஞ்சு பிஎஸ்ஐ கொடுக்கும் பம்ப் ஊசியை மிதித்துத் தள்ளி, கார்புரேட்டர் நிரம்பி, சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் வழியும். இன்ஜெக்‌ஷன் காரின் பம்ப்பை நினைத்தும் பார்க்கக்கூடாது.

வேறு வழியே இல்லையென்றால் குறைந்த அழுத்தப் பம்ப்பாகப் பார்த்து வாங்கி, ஒரு ரெகுலேட்டரும் போட்டு, கேஜ் வைத்து அளந்துவிடுங்கள். பம்ப்பை இன்ஜின் பக்கம் வைக்காமல் டேங்க் பக்கம், தாழ்வாக வையுங்கள், இந்த வகை பம்ப்புகளுக்குத் தள்ளத் தெரியும், உறிஞ்ச அவ்வளவாக வராது. மெக்கானிக்கல் பம்ப் இன்ஜின் நின்றால் தானாக நின்றுவிடும், எலெக்ட்ரிக் பம்ப் சாவி ஆனில் இருக்கும் வரை பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கும். வண்டி எங்காவது மோதிப் பைப் பிய்ந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். ஆயில் பிரஷர் இல்லாவிட்டால் பம்ப்புக்குக் கரன்ட்டை வெட்டும் சுவிட்ச் ஒன்றை எலெக்ட்ரீஷியனிடம் சொல்லிக் கட்டாயம் போடுங்கள். பழைய பம்ப் இருந்த ஓட்டைக்கு ஒரு தகடு வெட்டி பேக்கிங்கோடு மூடுங்கள். கழற்றிய பம்ப்பை எண்ணெய் பூசி எடுத்து வையுங்கள், பின்னால் வண்டியை வாங்குபவர் உங்களை வாழ்த்துவார்.

கேள்வி: ஐயா, என்னிடம் அப்பாவின் மொறிஸ் மைனர் 1000 இருக்கிறது. சண்டைக் காலத்தில் பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் ஓடிய கார். அதன் எலெக்ட்ரிக் பம்ப் நடுவழியில் நின்றுவிடுகிறது, தட்டினால் மறுபடியும் ஓடுகிறது. சில நேரம் நிறுத்தாமல் டிக் டிக் என்று அடிக்கிறது, பெற்றோல் மட்டும் வருவதில்லை. சாமான் எடுக்க வழி உண்டா? – யாழ்ப்பாணத்து வாசகர்

பதில்: பொருளாதாரத் தடைக் காலத்தில் சில துளி பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓட்டிய அந்த மைனர்களையும் ஆஸ்டின்களையும் பற்றி யாழ்ப்பாணத்து நண்பர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த வண்டியை இத்தனை வருஷம் வைத்திருக்கிறீர்கள், அதற்கே வணக்கம்.

உங்களுடையது எஸ்யூ கம்பெனி பம்ப், இன்ஜின் அறையின் பின்சுவரில் உட்கார்ந்திருக்கும். தட்டினால் ஓடுகிறது என்றால் உள்ளே கரன்ட்டை விட்டு விட்டுக் கொடுக்கும் காண்டாக்ட் பாயின்ட் கரிந்திருக்கிறது. கறுப்பு மூடியைக் கழற்றி, மெல்லிய எமெரி பேப்பரை நடுவில் விட்டு இரண்டு மூன்று முறை இழுங்கள், எர்த் வயரையும் சுரண்டிப் பூட்டுங்கள். இது சில மாதத்துக்குத் தாங்கும், குழி விழுந்த பாயின்ட்டை மாற்றத்தான் வேண்டும். நிறுத்தாமல் அடிக்கிறது, பெட்ரோல் வரவில்லை என்பது வேறு கோளாறு, டேங்கிலிருந்து வரும் பைப்பில் எங்கோ காற்று இழுக்கிறது. ஒவ்வொரு இணைப்பாகப் பாருங்கள், பம்ப்பின் மேல் பழி போடுவதற்கு முன்னால். சாவி ஆனில், இன்ஜின் ஓடாமல் இருக்கும்போது நிதானமாக, அரை நிமிஷத்துக்கு ஒரு டிக் என்று கேட்டால் பம்ப்பின் வால்வோ கார்புரேட்டர் ஊசியோ ஒழுகுகிறது.

சாமானுக்குக் கவலையே வேண்டாம். எஸ்யூ பெயரையே இப்போது வைத்திருப்பவர்கள் இங்கிலாந்தில் சாலிஸ்பரி நகரத்து பர்லன் கம்பெனியார், பாயின்ட், டயாபிரம், வால்வு எல்லாம் செய்து விற்கிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் உறவுக்காரர் யாராவது ஊருக்கு வரும்போது பெட்டியில் ஒரு மூலையில் போட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள். பாயின்ட் இல்லாத எலக்ட்ரானிக் பம்ப்பும் உண்டு. அதை வாங்குவதானால் உங்கள் காரில் பாட்டரியின் எந்த முனை பாடியில் பூட்டியிருக்கிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். மைனர் வரும்போது பிளஸ்தான் எர்த், பிற்பாடு பலர் மாற்றிவிட்டார்கள். தப்பாகக் கொடுத்தால் முதல் சாவியிலேயே கருகிவிடும். பாயின்ட் உள்ள பம்ப்புக்குப் பெரும்பாலும் அந்தப் பேதம் இல்லை.

டயாபிரம் மாற்றினால் ஒரு அளவு உண்டு. டயாபிரத்தைத் திருகிக்கொண்டே போய், அழுத்தினால் பாயின்ட் தட்டாத நிலை வரும் வரை உள்ளே விடுங்கள். பிறகு விளிம்பில் இருக்கும் ஸ்க்ரூ ஓட்டைகளைக் கணக்கு வைத்து, ஒவ்வொரு ஓட்டையாக வெளியே திருகி வாருங்கள், பாயின்ட் தட்ட ஆரம்பிக்கும் இடம் வந்ததும் அதிலிருந்து இன்னும் நான்கு ஓட்டை, அதாவது மூன்றில் இரண்டு சுற்று வெளியே திருகி நிறுத்துங்கள். மண்ணெண்ணெய் ஓடிய வண்டி என்பதால் பம்ப்பின் சல்லடையிலும் வால்வு உட்காரும் இடத்திலும் அரக்கு மாதிரிப் படிவு இருக்கும், பல் தேய்க்கும் பிரஷ்ஷால் கழுவி எடுத்துவிட்டுப் பூட்டுங்கள்.

கேள்வி: ஏற்காடு மலை ஏறும்போது வெயில் நேரத்தில் என் அம்பாசிடர் திணறி நின்றுவிடுகிறது. அரை மணி நேரம் கழித்துத் தானாக ஸ்டார்ட் ஆகிறது. பம்ப் மாற்றச் சொல்கிறார்கள். – சேலம் வாசகர்

பதில்: இப்போதைக்கு மாற்றாதீர்கள். சூட்டில் பைப்புக்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகிறது, ஆவியை இழுக்க பம்ப்பால் முடியாது. அந்தக் காலத்து டாக்ஸிக்காரர்கள் பம்ப் மேல் ஈரத்துணி சுற்றி மலை ஏறினார்களே, அது இதற்குத்தான். அடுத்த முறை நின்றவுடன் பம்ப்பின் மேல் தண்ணீரில் நனைத்த துணியைப் போட்டுப் பாருங்கள், பத்து நிமிஷத்தில் கிளம்பினால் பம்ப் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். பெட்ரோல் பைப் சைலன்சர் பக்கம் ஒட்டிப் போகிறதா என்று பார்த்து விலக்கிக் கட்டுங்கள், நடுவில் ஒரு தகடு வைத்துச் சூட்டை மறையுங்கள், ரேடியேட்டரையும் கழுவிவிடுங்கள். இதெல்லாம் செய்த பிறகும் நின்றால் பம்ப்பைக் கழற்றி ஆர்மின் தேய்மானத்தைப் பாருங்கள். அம்பாசிடர் 2014 வரை வந்த வண்டி என்பதால் கிட் கிடைப்பதில் ஹெரால்டுக்காரர் படும் பாடு உங்களுக்கு இருக்காது.